ரப்பர் கைக்கு வலிக்காது

போன வாரம் கோதண்டத்தை எந்த நிலைமையில் விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்காகவும், பக்கத்து வீட்டுப் பத்திரிகையை இந்த வாரம்தான் முதல்முதலாக இரவல் வாங்கியவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனுஷர் தன் ஆவடி குவார்ட்டர்ஸின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, பெண்டாட்டி, பெண், மச்சான் மூன்று பேர் முன்னாலும் மார்பில் ஓங்கித் தட்டி, "என் கை கீது! அப்பால இன்னாத்துக்குப் பயம்?" என்று உதார் விட்டிருந்தார்.

விட்டது விட்டாயிற்று. அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மகள் தமயந்தி வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் வகுப்பில் அவள்தான் முதல். சர்க்கரையா, உப்பா, எதைப் பார்க்கச் சொன்னாலும் பார்த்துவிடுவாள். ஆனால் பார்ப்பதற்கு முதலில் ரத்தம் வேண்டுமே? அங்கேதான் உதைத்தது. உயிருள்ள கையைப் பார்த்தாலே இவள் கை நடுங்கும். போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் கையில் மூன்று தடவை குத்தி, ஒரு சொட்டு வராமல், அவருடைய சொந்தக்காரர்கள் வார்டையே ரெண்டாக்கிவிட்டார்கள்.

"சனிக்கிழமை மத்தியானம் டெஸ்ட். வெளியிலிருந்து பெரிய டாக்டர் வர்றார். ஒரே குத்தில் ரத்தம் வரணும். வரலேன்னா ஒரு வருஷம் போச்சு," என்று சொல்லிவிட்டார் ஜமீலா மேடம்.

மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஊரார் கையில் குத்துவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக் கையில் குத்துங்கள் என்பார். அதனால் டெஸ்டுக்கு ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டிலிருந்து ஒரு ஆளை அழைத்துக்கொண்டு வர வேண்டும். கோதண்டம் மார்பில் தட்டியது இதற்காகத்தான்.

இதற்கு நடுவில் அம்மா ஜெகதாம்பாள் நெமிலிச்சேரியில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். "இந்தத் தபாவும் கோட்ட உட்டேன்னு வெச்சிக்கோ, படிப்பும் கெடயாது ஒண்ணியும் கெடயாது. தையில கல்யாணம். பாஸாயிட்டியா, நா கல்யாணப் பேச்சே எடுக்கல. போதுமா?" என்றாள்.

"சரி," என்று தமயந்தியும் ரோஷத்தில் சொல்லிவிட்டாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொந்தச் சம்பளம் வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் என்று அவள் மனசுக்குள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

ஆகவே, மகளுடைய படிப்பும் கல்யாணமும் கோதண்டத்தின் இடது கையில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கையோ ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே வியர்க்கிற கை.

ராணுவ வண்டி செய்கிற ஆவடித் தொழிற்சாலையில் அவர் பிரேக் செக்‌ஷன். ராணுவ வண்டி செங்குத்தான மேட்டில் ஏறிப் பாதியில் நிற்கிறதா என்று பார்க்க, அதன் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு வெற்றிலை போடுகிற ஆள். ஊசியைப் பார்த்தால் மட்டும் வாசலைத் தேடுவார். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. இருபது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய ஜெகதாம்பாளுக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை லீவு போட்டுவிட்டு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கும் மச்சான் துலுக்கானத்தை வரவழைத்தார்.

"மச்சான், ஒரு கை செய்யணும்."

"இன்னாது?"

"கைடா. மனுசன் கை. தோலு, சதை, நரம்பு எல்லாம் கரெக்டா கீணும். நரம்புல குத்துனா ரத்தம் வரணும்."

"மாமே, நா பஞ்சர் ஒட்டுறவன். பிரம்மா இல்ல."

"காலேஜ்லயே ஒரு ரப்பர் கை கீது மாமா," என்றாள் தமயந்தி. "ஃபாரின் சரக்கு. அத்தினி பொண்ணுங்களும் குத்திக் குத்தி சல்லடையாயிடுச்சு. எங்க குத்துனாலும் தண்ணி வருது. அதுல குத்தி இன்னாத்தக் கத்துக்கறது? நைனா சொல்றதும் நல்ல ஐடியாதான்."

நைனா எதற்காகச் சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. கையைச் சரியாகச் செய்துவிட்டால், மேடத்தின் காலில் விழுந்தாவது அதையே டெஸ்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிடலாம், தன் கை தப்பித்துவிடும் என்பது கோதண்டத்தின் கணக்கு. பெண்ணுக்கும் பழகிக்கொள்ள ஆயிற்று, தனக்கும் மானம் போகாது.

ஜமீலா மேடம் பார்த்துப் படிக்கச் சொல்லி ஒரு எக்ஸ்ரே ஃபிலிமைக் கொடுத்தனுப்பியிருந்தார். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுத்த படம். எலும்பு மங்கலாகவும், அதன் மேலே நரம்புகள் ஆற்றுக் கால்வாய் மாதிரி பளிச்சென்றும் தெரிந்தன. கோதண்டம் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரு போட்ட லேஅவுட்டுடா இது? முட்டிகிட்ட ரெண்டு லைனையும் எப்பிடிச் சேத்துகீறான் பாரு. ஒரு நட்டு இல்ல, போல்டு இல்ல!" என்று வியந்தார்.

ஒரு பலகை. அதன் மேல் பழைய ஸ்கூட்டர் சீட்டிலிருந்து பிடுங்கிய ஸ்பாஞ்சு. எக்ஸ்ரேயை ஸ்பாஞ்சின் மேல் வைத்து, நரம்பு போகிற வழியெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு, பிளேடால் கீறி, கீறலுக்குள் சைக்கிளுக்குப் போடும் மெல்லிய வால்டியூப் குழாயைப் பதித்தார். நுனியில் பஞ்சு அடைத்த ஒரு கையுறையை மாட்டியதும் அச்சு அசலாக ஒரு கை படுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மேலே தோலுக்கு சீட்டின் ரெக்ஸினையே இழுத்துப் போர்த்தினார்கள். தமயந்தி குத்தினாள். ஊசி வளைந்துவிட்டது.

"இன்னா தோலு மாமே இது, எருமைக்கா?" என்றான் துலுக்கானம். பிறகு தன் பையிலிருந்து வல்கனைசிங் வேலைக்கு வைத்திருக்கும் மெல்லிய பச்சை ரப்பர் ஷீட்டை எடுத்து, அடுப்புத் தணலில் இளஞ்சூடு காட்டி, இழுத்து ஒட்டினான். தமயந்தி விரலை வைத்து அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழும்பியது.

"மாமா, நெஜத் தோலு மாதிரியே கீது!"

அடுத்தது ரத்தம். குங்குமத்தைக் கரைத்தால் அடைத்துக்கொள்ளும் என்று யோசித்து, மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து ஆரத்தி கரைத்து, வேட்டியில் வடிகட்டி நரம்புக்குள் ஏற்றினார்கள்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இங்கேதான் கோதண்டத்தின் தொழில் புத்தி குறுக்கே வந்தது. அவர் செக்‌ஷனில் எந்தக் குழாயும் பிரஷர் டெஸ்ட் ஆகாமல் வெளியே போகாது. அழுத்தம் கொடுத்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கைக்குத் தருவார். பெண்ணுக்குச் செய்கிற பொருளை அப்படியே கொடுத்துவிட மனசு வருமா? ஒரு முனையைக் கிளிப் போட்டு அடைத்து, மறு முனையில் சைக்கிள் பம்பைச் செருகி, தம் பிடித்து அடித்தார்.

"லீக் இல்ல!" என்றார் பெருமையாக.

தமயந்தி தொட்டுப் பார்த்தாள். "நரம்பு நல்லா எழும்பிகினு கீது நைனா. ஆனா கல்லு மாதிரி கீதே?"

"அதாம்மா தரம்."

அவள் குனிந்து, ஊசியைச் சாய்த்துப் பிடித்தாள். சரியாக அந்தச் சமயத்தில் ஜெகதாம்பாள் வாசலில், "வாங்க, வாங்க, பொண்ணு உள்ளதான் படிச்சிகினு கீறா," என்று யாரையோ அழைத்துக்கொண்டு வந்தாள். நெமிலிச்சேரி மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மா. 'சும்மா ஒரு நடை வந்துட்டுப் போங்க' என்று ஜெகதாம்பாள் யாருக்கும் சொல்லாமல் கூப்பிட்டிருந்தாள். சந்தன நிறப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தாளாம்.

"பொண்ணு இன்னா படிக்குது, இம்மாம் குனிஞ்சிகினு?" என்று ராஜம்மா தமயந்தியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

ஊசி நரம்பில் இறங்கியது.

சிரிஞ்சின் பின்பக்கத்து பிஸ்டன் 'டப்'பென்று தெறித்துக் கூரையில் இடித்துக்கொண்டு விழுந்தது. அதன் பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. தமயந்தி சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டாள். ராஜம்மாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நெற்றி, மூக்கு, நகை, பட்டு என்று மேலிருந்து கீழ்வரை வரிசையாக வாங்கிக்கொண்டாள்.

கோதண்டம் ஓடிப்போய்க் கிளிப்பைப் பிடுங்கினார். மிச்சமிருந்ததும் புடவைக் கொசுவத்துக்கே போய்ச் சேர்ந்தது.

துலுக்கானம்தான் நல்ல மனசோடு, "பயப்படாதீங்க, ரத்தம் இல்ல. வெறும் ஆரத்தித் தண்ணிதான்," என்றான்.

"ஆரத்தியா?" என்றாள் ராஜம்மா. முகத்தைக்கூடத் துடைக்காமல் அப்படியே திரும்பி நடந்தாள். ஜெகதாம்பாள் ஒரு சொம்பு மோரைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை பின்னாலேயே ஓடினாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த ஜெகதாம்பாள் பேசியதை எல்லாம் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். சாராம்சம் மட்டும் சொல்கிறேன். "பட்டுப் பொடவ போச்சு, சம்மந்தம் போச்சு, மானம் போச்சு! கைய குடுக்கறேன்னு சொன்ன ஆளு கம்முனு கையக் குடுத்தா ஆவாதா? கை செய்யறாராம் கை! டெஸ்ட்டும் புட்டுக்கட்டும், அப்பால வெச்சிக்கறேன் அப்பனையும் பொண்ணையும்!" சமையலறைக் கதவை அறைந்த அறையில் ஜன்னலில் இருந்த எக்ஸ்ரே கீழே விழுந்தது.

தமயந்தி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நைனா, நரம்பு பிரேக் லைன் இல்ல நைனா. உள்ள ரத்தம் சும்மா சோம்பேறியா ஓடும். நாமதான் மெதுவா இஸ்துக்கணும்."

"பிரஷரே இல்லியா? அப்பறம் எப்பிடிம்மா மனுசன் ஓடறான்?"

"அது வேற லைனு நைனா."

துலுக்கானம் ஒரு பாட்டிலைச் சுவரில் காலண்டர் ஆணியில் மாட்டி, அதிலிருந்து டியூபை இறக்கினான். மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, நரம்பு இப்போது கொஞ்சமாக மேடிட்டு, அமுக்கினால் அமுங்கி, விட்டால் நிறைந்தது. தமயந்தி ஊசியைக் கீழே வைத்துவிட்டு முதலில் விரலால் மட்டும் தேடினாள். மேடம் சொன்னது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற கோட்டைவிட விரலுக்கு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழும்புகிற இடம்தான் நிஜம். எங்கே எழும்புகிறதோ அங்கே அவள் விரல் நின்றுவிடும். நின்ற இடத்தில் ஊசியைச் சாய்த்து இறக்குவாள். முதலில் ரெண்டு மூன்று தடவை பக்கத்தில் போயிற்று. சமையல் வாசனை வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டே எடுக்க ஆரம்பித்துவிட்டாள். கை நடுங்கவில்லை.

மகளைப் பார்க்கப் பார்க்கக் கோதண்டத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. கூடவே, 'தப்பிச்சோம்டா சாமி' என்றும் இருந்தது.

பஸ்ஸில் அந்தக் கையை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லி தாண்டியதும் காற்றில் துண்டு விலகி, ஐந்து விரல்களும் வெளியே எட்டிப் பார்த்தன. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் விசிலை விழுங்காத குறை.

"யோவ், இன்னாய்யா அது கூடையில?"

"கை."

"யாருதுய்யா?"

"எம்பொண்ணு படிக்கிறதுக்கு," என்று கோதண்டம் சமாதானம் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

கல்லூரியில் நீண்ட பெஞ்சுகளில் அம்மாக்களும் சித்தப்பாக்களும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டம் நேரே மேடத்தின் மேசைக்குப் போய்க் கூடையை இறக்கினார். ஜமீலா மேடம் அந்தக் கையைத் தொட்டார், அமுக்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதையா வீட்ல செஞ்சீங்க? எங்க கிட்ட இருக்கறதைவிட நல்லாருக்கே! டாக்டர், இங்க கொஞ்சம் வாங்க."

வெளியிலிருந்து வந்திருந்த பெரிய டாக்டரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தடவிப் பார்த்தார். "பிரமாதம்! நரம்பு எங்கே சேருதோ அங்கேயே சேர்த்திருக்கீங்க," என்றார்.

இதுதான் சமயம் என்று கோதண்டம் குழைந்தார். "எல்லாம் எக்ஸ்ரே பாத்துப் போட்டதுங்கய்யா. அதனால, எம்பொண்ணுக்கு மட்டும் டெஸ்ட்ட இதுலயே..."

"அது முடியாது," என்று சிரித்தார் டாக்டர். "ரப்பர் கைக்கு வலிக்காது சார். கத்துக்கறதுக்கு இது போதும். டெஸ்டுக்கு வலிக்கிற கை வேணும். யார் வந்திருக்காங்க உங்க வீட்லேருந்து?"

கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர்தான் வந்திருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்குச் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. தமயந்தி பஞ்சு, ஸ்பிரிட், ஊசி எல்லாம் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். ரப்பர் கையில் கண்ணை மூடிக்கொண்டு குத்தியவளுக்கு, அப்பாவின் கையைப் பார்த்ததும் விரல் உதற ஆரம்பித்துவிட்டது. தட்டு கடகடவென்று சத்தம் போட்டது. நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது வெளுத்துக் கிடந்தது.

"நைனா," என்றாள் மெதுவாக. "உனக்கு ஊசின்னா பயமா?"

"சேச்சே! யாரு சொன்னது?"

"நைனா."

கோதண்டம் தலை குனிந்துகொண்டார். "ஆமாம்மா. ரொம்ப."

"ஏன் சொல்லல? நா மாமாவ இட்டாந்திருப்பேனே?"

"உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சிம்மா. நாளெல்லாம் உனக்கு தைரியம் சொல்லிகினு கீறேன். நானே ஜகா வாங்குனா நீ இன்னா பண்ணுவ?"

தமயந்திக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் பஸ் ஏறி வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தபோது அப்பாவின் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது அவளுக்கு. தட்டை மேசையில் வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் கீது. நீ அந்தப் பக்கம் பாத்துகினு பேசிகினே இரு. மேட்டுல வண்டி ஏறும்போது பாதியில எப்பிடி நைனா நிக்குது? பின்னால உருண்டு வராதா?"

"எப்பிடி வரும்? நா பாத்த பிரேக்கு அது!" கோதண்டத்துக்குக் குரல் வந்துவிட்டது. "மெதல்ல டிரைவரு மிதிப்பான். மிதிச்சா இங்க மாஸ்டர் சிலிண்டருல ஆயிலு அமுங்கும். அமுங்குனா எங்க போவும்? ஓட வேற வழியே கெடயாது, லைனு வழியா சக்கரத்துக்குத்தான் போவணும். அங்க போயி ஷூவைத் தள்ளும். சில பேரு இன்னா பண்ணுவான், லைனுல காத்த உட்டுடுவான். காத்து பூந்துச்சோ, நீ மிதிக்கற மிதி அத்தினியும் வேஸ்ட்டு. அதனால நா..."

"நைனா."

"இரும்மா, காத்த எப்பிடி எடுக்கறதுன்னு சொல்றேன்."

"எடுத்தாச்சு நைனா. பஞ்ச நல்லா அமுக்கிக்க."

கோதண்டம் திரும்பிப் பார்த்தார். தமயந்தியின் கையில் சிரிஞ்சு நிறைய ரத்தம். அவருடைய ரத்தம்தான். பின்னால் பெரிய டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஜமீலா மேடம் தமயந்தியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"இம்மாங் கருப்பா கீதே," என்றார் கோதண்டம் கவலையாக. "ஆயில் மாத்தணுமா?"

"அது அப்பிடித்தான் இருக்கும் நைனா!"

அந்தச் சந்தோஷத்தில் கம்பீரமாக எழுந்து நின்றார். நாலு எட்டு நடந்தார். வராந்தாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடியோடு சாய்ந்துவிட்டார். இரண்டு சித்தப்பாக்கள் தூக்கி உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்தானே?"

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜாங்கிரியும் மிக்சரும் வாங்கிக்கொண்டார்கள். ரப்பர் கையை மேடமே கெஞ்சிக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுவிட்டதால் கூடை காலியாக இருந்தது. தமயந்தி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாசம் பயிற்சி, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு என்ன என்று. கல்யாணப் பேச்சு இனிமேல் இல்லை. அம்மா வாயாலேயே ஒத்துக்கொண்டது. ராஜம்மா வேறு நனைந்துபோய்க் கோபித்துக்கொண்டாயிற்று. ரெண்டு பக்கமும் நிம்மதி.

வீட்டு வாசலில் தெரியாத செருப்பு ஒன்று கிடந்தது.

உள்ளே நடுக்கூடத்தில் ராஜம்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது நூல் புடவை. ஜெகதாம்பாள் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள், மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே.

"நா வாயே தொறக்கல," என்றாள் ஜெகதாம்பாள், இவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே. "அவங்களா வந்தாங்க."

"ஆமாம்மா, நானாத்தான் வந்தேன்," என்றாள் ராஜம்மா. "காலையில கோவமாத்தான் போனேன். பொய் சொல்லுவானேன், புதுப் பொடவ. ஊட்டுக்குப் போயி தல முழுகிட்டு ஒக்காந்து யோசன பண்ணேன். வாசப்படி தாண்டினதும் தலையோட ஆரத்தி கொட்டுதுன்னா, அது சாமி காட்டுற வழி இல்லாம வேற இன்னா? அப்பால இன்னொண்ணு நெனச்சேன். எனக்கு அஞ்சாறு வருசமா சக்கர. மாசா மாசம் ரத்தம் குடுக்கணும். என் கையில நரம்பே கெடைக்காது. இங்க குத்துவான், அங்க குத்துவான், கை வீங்கிப் போயி ஊட்டுக்கு வந்து அழுவேன். இந்தப் பொண்ணு ஒருத்திதான், மனுசங்கள நோவடிக்கக் கூடாதுன்னு ரப்பருல குத்திப் பழகிகினு கீறா. இப்பிடி ஒருத்தி ஊட்டோட மருமவளா வந்தா எனக்கு இன்னா கொற?"

கோதண்டத்தின் கையிலிருந்த ஜாங்கிரிப் பொட்டலம் தானாகத் தாழ்ந்தது.

ராஜம்மா பையிலிருந்து ஒரு புது சிரிஞ்சையும், பஞ்சுச் சுருளையும், லேபில் கொடுத்த சின்ன பாட்டிலையும் எடுத்து வரிசையாக ஸ்டூலின் மேல் வைத்தாள். "மெடிக்கல்ல வாங்கியாந்துட்டேன். நா ஒரே பேச்சுக்காரி. நீ ஒரே குத்துல எடுத்துட்டியா, தையில என் புள்ள வீரராகவனுக்கு நீதான். எடுக்கலியா, இது நமக்கு அமையலேன்னு எழுந்து போய்கினே இருப்பேன். ஒரு கோவமும் இல்ல."

"ஆன்ட்டி, ஊட்ல வெச்சி எடுக்கக் கூடாது. நா இன்னும் படிச்சிகினுதான் கீறேன்..."

"அட, எடும்மா. ஜாங்கிரியோட வந்துகீறீங்க, பாஸாயிட்டே இல்ல?"

ஜெகதாம்பாள் விசிறியை நிறுத்தினாள். முகத்தை மட்டும் அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டாள்.

தமயந்தி கையைக் கழுவிக்கொண்டு வந்து ராஜம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டினாள். பருத்த கை, பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. நரம்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலை வைத்துத் தேடினாள். மேலே போனாள், கீழே வந்தாள், பக்கவாட்டில் நகர்ந்தாள். கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கிடைக்காமலே போய்விட்டால் யாருக்கும் பாவம் இல்லை.

அந்த விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

காலையிலிருந்து பார்த்த விரல் அது. கிடைத்துவிட்டது என்று கோதண்டத்துக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். கொஞ்சமே கொஞ்சம் தள்ளிக் குத்தினால் போதும், தையும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவர் மனசார சாமியை வேண்டிக்கொண்டார். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை, எம்பொண்ணு தப்பாகக் குத்தட்டும்.

தமயந்தி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். 'இன்னா பண்ணட்டும்?' என்று அந்தக் கண் கேட்டது. மேட்டில் ராணுவ வண்டியை நிறுத்துகிற மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

ராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடினாள். இன்னொரு கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் பட்டுப்புடவையோடு மிடுக்காக வந்தவளா இவள் என்று தோன்றியது.

"பாத்து எடு கண்ணு," என்றாள் குழந்தை மாதிரி. "போன தபா அஞ்சு எடத்துல குத்தினான். ரெண்டு நாளு சோத்தப் பெசைய முடியல."

தமயந்தி குழாய் கட்டிய கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் பாத்துகினு ஏதாச்சும் பேசிகினே இருங்க ஆன்ட்டி," என்று சொல்லிவிட்டு, விரல் நின்ற அதே இடத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்து, ஊசியின் மூடியைக் கழற்றினாள்.